மெழுகு வளையமா, அமுங்கு வளையமா?

வணக்கம்.

வெஸ்டர்ன் டாய்லெட்டின் அடியில் நீர் கசிவதைச் சரிசெய்யும் வழிகாட்டிக்காக, கோப்பைக்கும் கழிவுக்குழாய்க்கும் நடுவே வைக்கப்படும் வளையத்துக்கு ‘அடைப்பு வளையம்’, ‘மெழுகு வளையம்’ என்னும் இரு சொற்கள் நம் கலைச்சொல் குழுவில் முன்மொழியப்பட்டுள்ளன. இரண்டிலும் எனக்குத் தயக்கம் உண்டு.

‘அடைப்பு வளையம்’ இலக்கணப்படி குற்றமற்றது. ஆனால் கழிப்பறைப் பேச்சில் ‘அடைப்பு’ என்றால் கழிவு போகாமல் நிற்பது என்ற ஒரே பொருள்தான் புழங்குகிறது. ‘டாய்லெட் அடைச்சுக்கிச்சு’ என்று சொல்லிப் பழகிய ஒருவர், கசிவைப் பற்றிய பக்கத்தில் இச்சொல்லைக் கண்டால், அடைப்பெடுக்கும் கருவி என்றே கொள்வார்.

‘மெழுகு வளையம்’ வட அமெரிக்க வீடுகளுக்குச் சரியாகப் பொருந்துகிறது. அங்கே கழிவுக்குழாயின் வாய் தரைமட்டத்தில் ஒரு விளிம்புத் தட்டோடு முடியும். அத்தட்டில் நிமிர்ந்து நிற்கும் இரண்டு போல்ட்டுகளின்மேல் கோப்பையை இறக்கி, நம் உடல் எடையைக் கொடுத்து அழுத்தும்போது, இடையிலுள்ள மெழுகு நசுங்கிப் பரவி இடுக்கு முழுவதையும் நிரப்புகிறது. நீரை மட்டுமன்றிச் சாக்கடை வாயுவையும் அதுவே தடுக்கிறது. ஆனால் கொழுக்கட்டை மாவில் பதிந்த விரல்தடம்போல, மெழுகு நசுங்கினால் நசுங்கியதுதான், மீண்டு எழும்பாது. ஆகவே கோப்பை ஆட்டம் கண்டு மெழுகில் இடைவெளி விழுந்துவிட்டால், ஃபிளஷ் செய்யும்போதெல்லாம் அடியில் நீர் கசியும். அதன்பின் நட்டை இறுக்குவது பெரும்பாலும் பயன் தராது. மிகையாக இறுக்கினால் பீங்கானே விரிசல் விடும்.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே எஸ்-டிராப் கோப்பையின் (கழிவு நேரே தரைக்குள் இறங்கும் வகை) வால்பகுதியை 110 மி.மீ. பிவிசி குழாயின் வாய்க்குள் இறக்கி, சுற்றிலும் ஒயிட் சிமென்ட் பூசிவிடுவதே நெடுநாள் வழக்கம். ரப்பர் உதடு கொண்ட கனெக்டரும் இப்போது பயன்படுகிறது. மெழுகைக் காண்பது அரிது. சிமென்ட் வளைந்துகொடுக்காத பொருளாதலால், கோப்பை சற்றே ஆடினாலும் பூச்சில் மயிரிழைக் கீறல் விழும். நீர் டைல்ஸுக்கு அடியில் இறங்கி, முதலில் அவற்றின் இணைப்புக்கோடுகள் கறுக்கும், பிறகு கீழ்வீட்டுக் கூரையில் ஓதம் தெரியும். மேலே இன்னொரு பூச்சுப் பூசுவது கசிவை நிறுத்துவதில்லை, மறைக்கிறது. (கோப்பையைச் சுற்றிச் சிலிகான் பூசுவோர் பின்புறம் சிறிது இடம் விடுவது இதனால்தான்: கசிந்தால் வெளியே தெரிய வேண்டும்.) இத்தகைய வீட்டில் இருப்பவரிடம் ‘மெழுகு வளையத்தை மாற்றவும்’ என்றால் அவர் எதைத் தேடுவார்? வட அமெரிக்கச் சந்தையிலும் ரப்பராலும் நுரைப்பொருளாலும் செய்த வளையங்கள் வந்துவிட்டன. அவற்றை ‘மெழுகில்லா மெழுகு வளையம்’ என்று எழுத நேர்வது நகைப்புக்கிடம்.

எனவே, செய்பொருளை விட்டுச் செயலைக் கொண்டு ‘அமுங்கு வளையம்’ எனப் பெயரிடலாம் என்பது என் முன்மொழிவு. மெழுகு, ரப்பர், நுரை ஆகிய மூன்றும் அமுங்கித்தான் கசிவைத் தடுக்கின்றன. வினைத்தொகையாதலால் அமுங்கிய, அமுங்குகின்ற, அமுங்கும் என முக்காலத்துக்கும் இச்சொல் நிற்கும். வகையைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘மெழுகு அமுங்கு வளையம்’, ‘ரப்பர் அமுங்கு வளையம்’ என விரித்துக்கொள்ளலாம். ‘அமுக்கு வளையம்’ வேண்டாம். வளையம் எதையும் அமுக்குவதில்லை, கோப்பைதான் அதை அமுக்குகிறது.

வழிகாட்டியின் வாசகத்தில் பொருத்திப் பார்த்தேன்: ‘நீர் வரும் ஆங்கிள் காக்கிலோ அதன் இணைப்புக் குழாயிலோ கசிவில்லை என்பதை முதலில் உறுதிசெய்க. தரையைத் துடைத்து உலர்த்தி, கோப்பை நீரில் உணவு வண்ணம் கலந்து சிலமுறை ஃபிளஷ் செய்க. வண்ணநீர் அடியில் தோன்றினால் கோப்பையைக் கழற்றி, பழைய மெழுகு அமுங்கு வளையத்தை முழுவதும் சுரண்டியெடுத்துப் புதியதை வைக்கவும். கழற்றிய மெழுகு வளையத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.’ கடைசி வாக்கியத்தில் ‘அமுங்கு’ விடுபட்டும் பொருள் கெடவில்லை.

குழாய்வாயில் இருக்கும் தட்டுக்கு, மேலே நான் எழுதிய ‘விளிம்புத் தட்டு’ போதும் என்று எண்ணுகிறேன். ‘பிளாஞ்சு’ என்பதே பட்டறைகளில் வழங்குவதால் அதையே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவினர் கருதினாலும் எனக்கு மறுப்பில்லை.