கொடுமணல் பானை ஓட்டு எழுத்து: படித்துச் சொல்ல ஆள் வேண்டும்

நண்பர்களே, நொய்யல் ஆற்றங்கரையில் உள்ள சங்ககால ஊரான கொடுமணலில் (பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம்) தரையில் கிடந்த எழுத்து கீறிய கருப்பு-சிவப்புப் பானை ஓடு ஒன்றின் படங்கள் கீழே. ஓட்டை எடுக்கவில்லை, கிடந்த இடத்திலேயே விட்டாயிற்று. ஃபிளாஷ் போட்டால் கீறல் தட்டையாகிவிடும். அதனால் டார்ச்சைத் தரையோடு சாய்த்து நான்கு பக்கமிருந்தும் எடுத்தவை. பக்கத்தில் 5 செ.மீ. அளவுகோல். சாக்பீஸ் தேய்க்கவில்லை, தேய்த்தால் இல்லாத கோடும் தெரியும்.

முதல் இரண்டு எழுத்து 'ஆத' என்பது தெளிவு. மூன்றாவதில்தான் சிக்கல்: மேல்விளிம்பு உடைந்திருக்கிறது. தமிழி (தமிழ் பிராமி என்னும் பழந்தமிழ் எழுத்து) 'ண'வில் மேலும் கீழும் குறுக்குக்கோடு, 'ந'வில் கீழே மட்டும். மேல்கோடு உடைந்து போனதா, இல்லவே இல்லையா? 'ஆதன்' என்ற பெயர்தான் என்று அவசரப்பட வேண்டாம். கடைசியில் இருப்பது எழுத்தா, வெறும் குறியீடா? தமிழி பழகியவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.