தலைக்காயத்துக்கு ஆறு மாதம் கழித்து: ‘நன்றாக இருக்கிறார்’ என்பதை எப்படி அளப்பது?

கேள்வி (முதலாமாண்டு நரம்பியல் அறுவைப் பயிற்சி மருத்துவர்):
பைக் விபத்தில் மூளையில் இரத்தம் கட்டி அறுவை செய்யப்பட்ட நாற்பது வயதுக்காரர் ஒருவர் ஆறாம் மாதப் பரிசோதனைக்குத் தானாகவே நடந்து வந்தார். பேச்சு தெளிவு, கைகால் பலவீனம் இல்லை. தலைக்காயத்துக்குப் பின் ஒருவர் எவ்வளவு தேறினார் என்பதை நிலைகளாகக் குறிக்கும் கிளாஸ்கோ விளைவு அளவுகோலில் ‘நல்ல தேர்ச்சி’ என்று எழுதப் போனபோது, கூட வந்த மனைவி, கடைக்கு அனுப்பினால் எதை வாங்க வந்தோம் என்பதையே மறந்து நிற்கிறார் என்றும், ஐந்நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதி வாங்காமலே திரும்பிவிடுகிறார் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னார். இவரை எந்த நிலையில் சேர்ப்பது?

பதில் 1 (நரம்பியல் அறுவை நிபுணர்):
எழுதாமல் நிறுத்தியது மிகச் சரி. 1975-இல் கிளாஸ்கோ மருத்துவர்கள் ஜெனட்டும் பாண்டும் இந்த அளவுகோலை ஐந்து நிலைகளாக வகுத்தபோதே, கைகால் வலிமையை அல்ல, காயம்பட்டவர் அன்றாட வாழ்க்கைக்கு எந்த அளவு திரும்பினார் என்பதையே அளக்க விரும்பினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் எட்டு நிலை வடிவத்துக்கு (1 இறப்பு, 8 மிக நல்ல தேர்ச்சி) 1998-இல் வரையறுத்த கேள்விப் பட்டியல் வந்தது. பகலில் எட்டு மணி நேரம் வீட்டில் தனியே இருக்க முடியுமா, துணையின்றிக் கடைக்குப் போய்ப் பணத்தைக் கையாள முடியுமா என்று அது நேரடியாகக் கேட்கிறது. முதலாவது முடிந்து இரண்டாவது முடியாதென்றால் அவர் 4-ஆம் நிலை, அதாவது கடும் இயலாமையின் மேல்படி. நடந்து வந்தவரை அப்படி எழுத மனம் ஒப்பாதுதான். ஆனாலும் அதுவே உண்மை.

பதில் 2 (தொழில்வழிச் சிகிச்சையாளர்):
விபத்துக்கு முன் அவர் தனியாகக் கடைக்குப் போனவர்தானா என்பதையும் கேளுங்கள். பட்டியலிலேயே அந்தக் கேள்வி இருக்கிறது, பலர் தாண்டிவிடுகிறார்கள். வாழ்நாளில் தனியாகக் கடைக்குப் போயிராத பாட்டியை அதற்காக மட்டும் கடும் இயலாமையில் சேர்த்துவிடக் கூடாது. மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களுக்குத் தம் குறை தமக்கே தெரியாமல் போவதுண்டு என்பதால், வீட்டாரைத் தனியே விசாரிப்பது அவசியம்.

பதில் 3 (ஆய்வு மருத்துவர்):
‘நல்ல விளைவு’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். மூளை அழுத்தத்தைக் குறைக்க மண்டையோட்டு எலும்பின் ஒரு பகுதியை அகற்றுவது பற்றிய ரெஸ்க்யூ ஐசிபி ஆய்வில் (2016), ஆறு மாதத்தில் இறப்பு அறுவைப் பிரிவில் 26.9%, மருந்துப் பிரிவில் 48.9%. ஆனால் சுயநினைவு திரும்பாமலே வாழ்ந்தவர்கள் முறையே 8.5%, 2.1%. பிழைத்தவர்கள் எப்படிப் பிழைத்தார்கள் என்பதை இறப்புக் கணக்கு சொல்லவில்லை. மேலும், பெரும்பாலான ஆய்வுகள் பாதக விளைவாகக் கொள்ளும் 4-ஆம் நிலையை அந்த ஆய்வு சாதகமான பக்கத்தில் சேர்த்தது. உங்கள் நோயாளி அங்கே ‘நல்ல விளைவு’ ஆகியிருப்பார். ஆகவே குறிப்பில் நிலையின் எண்ணையே எழுதுங்கள்.

கேட்டவர்:
மனைவியிடம் மீண்டும் பேசினேன். பகல் முழுதும் தனியே இருக்கிறார். கடைக்கும் பஸ்ஸுக்கும் துணை வேண்டும். விபத்துக்கு முன் வீட்டு மளிகை வாங்குவதே அவர்தானாம். 4 என்று எழுதி, நினைவாற்றல் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறேன்.