பிறந்த தேதி தெரியாத விலங்குக்கு எந்தத் தேதி போடுவது?

கானகன்:
விலங்கு ஆய்வுப் பதிவேட்டில் பிறந்த தேதிக்கு ஒரு கட்டம் இருந்தால் அதில் ஒரு தேதி இருக்கணும், இதுதான் என் கட்சி. பபூன் குரங்குக் கூட்டத்தை மார்ச் 3 அன்று பார்க்கிறோம், தாய் நிறைமாதம். அடுத்து மார்ச் 21-இல் பார்த்தால் வயிற்றோடு ஒட்டிய குட்டி. நடுவில் 12, அதைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். இருபது வருஷம் வாழக்கூடிய விலங்குக்கு ஒன்பது நாள் முன்னே பின்னே போனால் என்ன குடி முழுகிவிடும்? காலியாக விட்டால் குட்டியே கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

எண்ணரசி:
காலியாக விடுங்கள் என்று யார் சொன்னது? 3, 21, 12 மூன்றையும் எழுதுங்கள் என்கிறேன். பத்து வருஷம் கழித்து அட்டவணையைத் திறக்கும் மாணவருக்கு, நேரில் பார்த்த 12-உம் கணித்த 12-உம் ஒன்றாகத்தான் தெரியும். மொத்த ஆயுளுக்கு ஒன்பது நாள் பெரிதில்லை, சரி. முதல் மாதத்தில் எத்தனை குட்டிகள் சாகின்றன என்பதற்கு? அந்த 18 நாளுக்குள் பிறந்து இறந்த குட்டி பதிவேட்டுக்கே வராது. இடைவெளி தெரிந்தால்தான் அப்படி எவ்வளவு விட்டுப்போயிருக்கும் என்று கணிக்கவாவது முடியும்.

வருஷம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 போடும் வழக்கம் இதைவிட மோசம். வரைபடம் போட்டதும் ஜனவரியில் இல்லாத பிரசவப் பருவம் ஒன்று முளைத்துவிடும்.

கானகன்:
ஜனவரி 1 தப்புதான். ஆனால் களத்தில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு நடுத்தேதி போடுவதில்லை. தொப்புள்கொடி ஈரமாகத் தொங்கினால் 12 என்றா எழுதுவோம்? 20 அல்லது 21 என்போம். மழையில் நின்றுகொண்டு மூன்று கட்டம் யார் நிரப்புவது?

எண்ணரசி:
அந்த ஈரத் தொப்புள்கொடியைப் பற்றி எங்கே எழுதி வைத்தீர்கள்? பொன்னான தகவல் அதுதான். குட்டி இல்லாமல் கடைசியாகப் பார்த்த நாள், குட்டியோடு முதலில் பார்த்த நாள், குட்டியின் நிலை. களத்தில் இது போதும், கணக்கைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

சுவடு:
நடுத்தேதியே கிடையாத கேஸ் ஒன்று. பசிபிக் கடலின் மிட்வே தீவில் 'விஸ்டம்' என்ற லேசன் அல்பட்ராஸ் கடற்பறவைக்கு 1956-இல் கால்வளையம் போட்டார்கள். அப்போதே முட்டையிடும் வயது, அதனால் குறைந்தது 5 வயது என்று வைத்தார்கள். இன்று பலரும் அது பிறந்தது 1951 என்றே எழுதுகிறார்கள். சரியாகச் சொன்னால் '1951 அல்லது அதற்கு முன்'.

மறுமுனையான இறந்த தேதியும் அப்படித்தான். வளர்ந்த ஆண் பபூன்கள் வேறு கூட்டத்துக்குப் போய்விடும். சிம்பன்சியில் பெரும்பாலும் பருவமடையும் பெண்கள் போகும். காணாமல்போனதை எல்லாம் 'இறந்தது' என்று பதிந்தால் இளவயதுச் சாவு வீங்கிவிடும். கடைசியாகப் பார்த்த நாள் வரை உயிரோடு இருந்தது, அதன்பின் தெரியாது என்றே கணக்கில் எடுக்க 1958-இலேயே கப்லான், மேயர் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் வழி கொடுத்துவிட்டார்கள்.

கானகன்:
என் பயம் வேறு. 'கணிப்பு' என்று முத்திரை குத்தியதும் ஆய்வாளர்கள் அந்த வரிசைகளை அப்படியே தூக்கிவிடுவார்கள். கென்யாவின் அம்போசெலி யானை ஆய்வு தொடங்கியது 1972. அன்றைக்கே வளர்ந்து நின்ற பெண் யானைகள் எல்லாருக்கும் வயது கணிப்புதான். அவற்றைத் தூக்கினால் முதுமை பற்றிய தரவில் என்ன மிஞ்சும்?

எண்ணரசி:
அந்தப் பயம் நியாயம். ஆனால் அவற்றைத் தூக்க வேண்டியதே இல்லை. கணித்த வயதோடு 1972-இல் கண்காணிப்புக்குள் நுழைந்ததாக வைத்து, அங்கிருந்து எண்ணலாம். அதற்கு முன் செத்த யானைகளை நாம் பார்க்கவே இல்லை என்பதும் கணக்கில் வந்துவிடும். வயதின் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டும் பதிவில் இருந்தால், இரண்டையும் வைத்துக் கணக்கை ஓட்டிப் பார்த்து முடிவு மாறுகிறதா என்று சோதிக்கலாம். ஒற்றைத் தேதி மட்டும் இருந்தால் அதற்கு வழியே இல்லை.

கானகன்:
சரி, எல்லைகளோடு நுழைவுத் தேதிக்கும் ஒரு கட்டம் வையுங்கள். ஈரத் தொப்புள்கொடியை எழுத ஒரு குறிப்புக் கட்டமும் வேணும்.