மிஞ்சின வைட்டமின் எல்லாம் சிறுநீரில் போயிடுமா?

மாத்திரைப்பெட்டி: பி காம்ப்ளெக்ஸ், சி எவ்வளவு போட்டாலும் மிஞ்சினது வெளியே போயிடும். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் சிறுநீர் பளிச்சுன்னு மஞ்சளா வருதே, அதுவே சாட்சி. ஏ, டி மாதிரி தேங்காது.

நெஃப்ரான்: அந்த மஞ்சள் பி2, அதாவது ரைபோஃபிளேவின். கூட விழுங்கின பி6 எங்கே போச்சுன்னு நிறம் சொல்லாது சார். உடம்பில் இருக்கிற பி6-ல் பெரும்பகுதி தசையில் ஒரு என்சைமோடு ஒட்டிக் கிடக்கு. பி12 கல்லீரலில் வருஷக்கணக்கில் தங்கும்.

மாத்திரைப்பெட்டி: பி12 தங்கினா என்ன? அதுக்கு மேல்வரம்பே வைக்கலையே. சி-யைப் பாருங்க. 200 மி.கி. வரை குடல் கிட்டத்தட்ட முழுசா உறிஞ்சும். 1 கிராமுக்கு மேல போனா பாதிகூட ஏறாது. ஏறினதையும் சிறுநீரகக் குழாய்கள் ஓரளவுக்குத்தான் திரும்ப உறிஞ்சும். கடத்திப் புரதங்கள் நிரம்பினதும் மீதி வெளியே.

நெஃப்ரான்: ஏறாதது குடலில் தண்ணியை இழுத்து வயிற்றுப்போக்காகும். ஏறினதில் ஒரு பங்கு ஆக்சலேட்டா மாறும். அது கால்சியத்தோடு சேர்ந்தா சிறுநீரகக் கல். ஏற்கெனவே கல் வந்தவங்க, ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் பிரிச்சு வெளியேத்துற கழிவு) கூடினவங்க, தண்ணியில் கரையும் 1 கிராம் சி மாத்திரையைத் தினம் போடக்கூடாது.

லேப்காரன்: நடுவில் ஒண்ணு. முடிக்குன்னு விக்கிற பயோட்டின் (இதுவும் ஒரு பி வைட்டமின்) 5, 10 மி.கி.; ஒரு நாள் தேவையோ 30 மைக்ரோகிராம். அதுவும் வெளியே போறதுதான், ஆனா போறதுக்குள்ள ரத்தம் கொடுத்தா சில கருவிகளில் தைராய்டு சோதனையில் பார்க்கிற டிஎஸ்எச் குறைவா, டி4 கூடுதலா காட்டும். இல்லாத தைராய்டு நோய்க்கு வைத்தியம் ஆரம்பிச்சிடும். ரெண்டு நாள் முன்னாடியே நிறுத்துங்க, சோதனைக்கூடத்தில் சொல்லவும் செய்யுங்க.

மாத்திரைப்பெட்டி: பி6-ஆல் நரம்பு கெடுதுன்னு 1983-ல் வந்த கட்டுரையில், அவங்க தினம் 2 முதல் 6 கிராம் விழுங்கினவங்க. கடை மாத்திரையில் அவ்வளவு ஏது?

நெஃப்ரான்: அப்புறம் அதைவிடக் குறைஞ்ச அளவிலும், மாதக்கணக்கில் போட்டவங்களுக்குப் பாதிப்பு பதிவாகியிருக்கு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தினசரி மேல்வரம்பை 25-லிருந்து 12 மி.கி.க்குக் குறைச்சதே அதனாலதான். அமெரிக்காவில் இன்னும் 100. தேவை சுமார் 1.3.

சிக்கல் ஒரே மாத்திரையில்தான் வரணும்னு இல்லை. மெத்தில்கோபாலமின் (பி12-ன் ஒரு வடிவம்) கூட்டு மாத்திரை, மல்டிவைட்டமின், சத்துமாவு டப்பா மூணிலும் பி6 இருக்கலாம். ஒவ்வொரு அட்டையிலும் 'பைரிடாக்ஸின்' (பி6-ன் பேர்) வரியைத் தேடிக் கூட்டிப் பாருங்க. மிஞ்சினா முதல்ல பாதம்தான் மரத்துப் போகும். சர்க்கரை நோயாளின்னா பழி சர்க்கரை மேல போயிடும், மரத்துப்போறதுக்குன்னு அதே மாத்திரையை இன்னும் ஏத்துவாங்க!

காசநோய்க்கு ஐசோநியசிட் சாப்பிடறவங்களுக்குக் கொடுக்கிற பி6 வேற கணக்கு. அந்த மருந்து பி6-ஐக் குறைச்சிடும். அதை நீங்களா நிறுத்தாதீங்க.