திருச்சிக்குப் போக ஒன்றரை மணி, வர ஆறரை மணியா?

பட்டர்வொர்த் பொண்ணு:
வணக்கம். அம்மா முதல் தடவையாகத் தனியாகத் திருச்சிக்குப் போகிறார். டிக்கெட்டில், கோலாலம்பூரில் கிளம்புவது இரவு 8.30, திருச்சியில் இறங்குவது 10.00. திரும்பும்போது அங்கே இரவு 10.40, இங்கே மறுநாள் விடியற்காலை 5.10. தூரம் தேடிப் பார்த்தேன், ஏறக்குறைய 2,690 கிலோமீட்டர். ஒன்றரை மணியில் போனால் மணிக்கு 1,800 கிலோமீட்டர் வருகிறது! ஏஜெண்டைக் கேட்டால் "அப்படித்தான் போட்டிருக்கும்மா" என்கிறார். அம்மாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறது. எத்தனை மணி நேரம் உள்ளே உட்கார்ந்திருப்பார் என்று தெரிந்தால்தான் சாப்பாடு கட்ட முடியும்.

கிள்ளான்காரன்:
டிக்கெட்டில் தப்பில்லை தங்கச்சி. அதில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். இந்தியாவைவிட நாம் இரண்டரை மணி முன்னால் இருக்கிறோம். திருச்சியில் 10.00 என்றால் நமக்கு நள்ளிரவு 12.30. எட்டரையிலிருந்து எண்ணிப் பாருங்கள், நாலு மணி. வரும்போதும் அதேதான்: அங்கே 10.40 என்றால் இங்கே 1.10, அதிலிருந்து 5.10 வரை நாலு மணி.

பட்டர்வொர்த் பொண்ணு:
அட, இதுக்கா இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன்! ஆனால் இன்னொன்று அண்ணா. விமானத்துத் திரையில் 840 கிலோமீட்டர் வேகம் என்று பார்த்த ஞாபகம். அப்படியானால் மூன்றேகால் மணிகூட ஆகாதே?

கிள்ளான்காரன்:
அந்த வேகம் மேலே ஏறி நிதானத்துக்கு வந்த பிறகுதான். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. டிக்கெட் நேரமோ, விமானம் வாசலை விட்டு நகர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் போய் நிற்கும்வரை. கோலாலம்பூர் விமான நிலையமான கே.எல்.ஐ.ஏ.வில் ஓடுபாதைக்கு உருண்டு போவதே ஒரு பயணம். தாமதமானால் ஈடுகட்ட விமான நிறுவனங்கள் கொஞ்சம் கூட்டியும் போட்டு வைக்கும். உங்கள் பினாங்கையே பாருங்கள்: கே.எல்.ஐ.ஏ.விலிருந்து வான்வழியில் 325 கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட்டில் ஒரு மணி. மைலோவை ஆற்றிக் குடிப்பதற்குள் பெல்ட் போடச் சொல்லிவிடுவார்கள்.

தைப்பிங் தாத்தா:
1982க்கு முன்னால் இந்தக் குழப்பம் இவ்வளவு இல்லை. தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அப்போது அரை மணி பின்னால் இருந்தது, இந்தியாவோடு வித்தியாசம் சுத்தமாக இரண்டு மணி. சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க அந்த ஜனவரி முதல் தேதி அரை மணி முன்னால் தள்ளினார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாத்திரையைக் கைப்பையில் வைக்கச் சொல்லும்மா, பெட்டியில் போட்டு அனுப்பிவிடாதே. எந்த நேரக் கணக்கில் போடுவது என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

பட்டர்வொர்த் பொண்ணு:
கேட்டுவிட்டேன் தாத்தா. ஏறுவதற்கு முன்பே சாப்பிட்டு, வழக்கமான நேரத்தில் மாத்திரை போட்டுவிடச் சொன்னார். நடுவில் பசித்தால் இருக்கட்டும் என்று நாலு இட்லி, பொடி தடவிக் கட்டித் தருகிறேன்.

கிள்ளான்காரன்:
அப்புறம், அங்கே கூட்டிப் போக வருபவரிடம் டிக்கெட்டில் உள்ள 10 மணியையே சொல்லுங்கள், கூட்டிக் கழிக்காதீர்கள். என் சித்தப்பா கணக்குப் போட்டு இரண்டரை மணி முன்னாலேயே போய் நின்று, நல்ல கொசுக்கடி வாங்கினார்.

பட்டர்வொர்த் பொண்ணு:
ஐயோ! மாமாவிடம் ஏழரைக்கு வரச் சொல்லி வைத்திருக்கிறேன். இதோ, போன் போடுகிறேன்.