சித்தப்பா கேரவனுக்குக் கல்லடி

திருவாரூர் சித்தப்பா: (படம்) (படம்) (படம்)
எல்லாரும் பெரிதாக்கிப் பாருங்கள். பொங்கல் முடிந்து வேதாரண்யம், கோடியக்கரை போய் வந்தோம் இல்லையா, வண்டி முகம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் பொட்டு வைத்த மாதிரி ஆகிவிட்டது. மெரூன் கலர் வேண்டும் என்று கேட்டு வாங்கியதால் இன்னும் எடுப்பாகத் தெரிகிறது.

திருவாரூர் சித்தி: கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள், இவர் வண்டிக்கு இரண்டும் பட்டாயிற்று. ஸ்டேட்டஸில் போடாதீர்கள் என்று அன்றைக்கே சொன்னேன்.

சென்னை அக்கா: ஐயோ சித்தப்பா, புது வண்டி ஆச்சே. எங்கே அடித்தது?

திருவாரூர் சித்தப்பா: திருத்துறைப்பூண்டி தாண்டி ஒரு டிப்பர், முக்கால் இன்ச் ஜல்லி ஏற்றிக்கொண்டு தார்ப்பாய் இல்லாமல் போனான். ஒவ்வொரு பள்ளத்திலும் இரண்டு மூன்று கல் உதிர்ந்தது. முந்தவும் வழியில்லை, எதிரில் வரிசையாக வைக்கோல் டிராக்டர்.

கார்த்தி: மண்ணைத் தவிர ஒன்றும் கிடைக்காத டெல்டாவில் கல்லடி வாங்கிய ஆள் நீங்கள்தான் சித்தப்பா 😂 நம் பக்கம் குவாரியே கிடையாது, ஜல்லி எல்லாம் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும்.

மன்னார்குடி அத்தை: சிரிக்காதே கார்த்தி. தம்பி, மாமா பட்டறையில் இருக்கிறார், படத்தைக் காட்டியிருக்கிறேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு அவரே எழுதுவார்.

மன்னார்குடி மாமா: மாப்பிள்ளை, முதலில் ஒன்று சொல். கரூரில் பாடி கட்டும்போது முகம் முழுக்க ஃபைபர்தானே போட்டார்கள்? கண்ணாடியைச் சுற்றி வரும் ஓரமும் கதவுப் பக்கமும் தகடா? மூன்றாவது படத்தில் கதவுக்கு முன்னால் இருக்கும் பொட்டு எனக்குச் சரியாகப் படவில்லை. நகத்தால் தடவிப் பார். சாம்பல் நிறம் தெரிந்தால் பிரைமரோடு, அதாவது அடிப்பூச்சோடு, நின்றிருக்கிறது. பளபளவென்று தெரிந்தால் தகடு வரைக்கும் போய்விட்டது.

திருவாரூர் சித்தப்பா: முகம் ஃபைபர்தான் அத்தான். ஓரம் தகடு. அந்தப் பொட்டில் பளபளப்பு இல்லை, லேசாகப் பழுப்பாக இருக்கிறது.

மன்னார்குடி மாமா: அது துரு. உப்பளக் காற்று வாங்கிய வண்டி, கழுவாமல் நிறுத்தியிருப்பாய், வேறு என்ன ஆகும்? மற்ற பொட்டெல்லாம் அழகுப் பிரச்சினை, பொறுமையாகப் பார்க்கலாம். ஃபைபர் துருப் பிடிக்காது, ஆனால் அடி ஆழமாகி உள்ளே நார் தெரிந்தால் தண்ணீர் இறங்கும், அதையும் அடைத்துவிட வேண்டும். தகட்டில் இருக்கும் அந்த ஒன்றுதான் அவசரம், விட்டால் பெயின்டுக்கு அடியிலேயே ஊர்ந்து போய் அடுத்த மழைக்குள் காசு அகலத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கும். இன்றைக்கு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வை.

சென்னை அக்கா: மாமா, இங்கே எல்லாரும் செராமிக் கோட்டிங் போடுகிறார்கள். அதைப் போட்டால் கல் அடித்தாலும் ஒன்றும் ஆகாதாமே?

மன்னார்குடி மாமா: யார் சொன்னது? விற்கிறவன் சொல்லியிருப்பான். அது ஓரிரண்டு மைக்ரான் கனத்தில் ஒரு பூச்சு. தண்ணீர் உருண்டு ஓடும், அழுக்கு ஒட்டாது, பளபளப்பு நிற்கும், பூச்சி அடித்தால் துடைக்கச் சுலபம். எல்லாம் உண்மை. ஆனால் ஜல்லிக்கு அது இருப்பதே தெரியாது.

கார்த்தி: கல்லுக்கு பிபிஎஃப் ஃபிலிம்தான் அக்கா, பெயின்டைக் காக்க மேலே ஒட்டும் ஃபிலிம். பாலியூரித்தேன், 150 முதல் 200 மைக்ரான் வரை கனம். வியட்நாம் போரில் ஹெலிகாப்டர் இறக்கைகளை மண்ணும் கல்லும் அரிக்காமல் இருக்க அமெரிக்க ராணுவம் ஒட்ட ஆரம்பித்ததுதான் பிறகு ரேஸ் கார், அப்புறம் சாதாரணக் கார் என்று வந்தது. ரப்பர் மாதிரி கொஞ்சம் அமுங்கிக் கொடுப்பதால் அடியின் வேகத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். நல்ல ஃபிலிமில் சின்னக் கீறல் விழுந்தால் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடும். கிழிந்தால் மறையாது.

திருவாரூர் சித்தப்பா: அதெல்லாம் காஸ்ட்லி கார்த்தி. ஆன்லைனில் ரெக்சினில் முகமூடி மாதிரி ஒன்று வருகிறது, பட்டை போட்டு இழுத்துக் கட்டினால் முகம் முழுக்க மூடிக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது மாட்டினால் போதும், வந்ததும் கழற்றி வைத்துவிடலாம். விலையும் குறைவு.

மன்னார்குடி மாமா: வேண்டவே வேண்டாம். கல்லைத் தடுக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த ஊரில் மார்கழி தை பனி எப்படிக் கொட்டும் என்று உனக்குத் தெரியாதா? துணிக்கும் பெயின்டுக்கும் நடுவில் ஈரம் நிற்கும், அதில் பொடி மண் போய் உட்காரும், வண்டி ஓடும்போது காற்றில் துணி அடித்து அடித்து அந்த மண்ணே எமரி பேப்பர் வேலை பார்க்கும். முன்பு ஒரு கார் பட்டறைக்கு வந்தது, அதைக் கழற்றினால் கல்லடி ஒன்றுகூட இல்லை, ஆனால் பானட் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி மங்கிப்போயிருந்தது. மறுபடி முழுசாக அடித்தேன். தினமும் மாலை கழற்றிக் காய வைத்து, இரண்டு பக்கமும் துடைத்து மாட்டும் ஆள் நீ இல்லை. அது எனக்கும் தெரியும், தங்கச்சிக்கும் தெரியும்.

திருவாரூர் சித்தி: நூற்றுக்கு நூறு உண்மை அண்ணே.

திருவாரூர் சித்தப்பா: சரி. அப்போது முன்னால் கனமான கம்பி கார்டு ஒன்று, அதில் வலை வைத்து?

சென்னை அக்கா: கம்பி கார்டு கூடாது சித்தப்பா. 2017 டிசம்பரிலேயே மத்திய போக்குவரத்து அமைச்சகம் எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது, மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-க்கு எதிரானது என்று. நடந்து போகிறவர் மேல் பட்டால் உயிருக்கே ஆபத்து.

மன்னார்குடி மாமா: வலையும் வேண்டாம். பொடி வலையில் ஒரு மாலை ஓட்டத்தில் பூச்சியும் வைக்கோல் தூசியும் அடைத்துக்கொள்ளும், ரேடியேட்டருக்குக் காற்றுப் போகாமல் இன்ஜின் சூடாகும். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நின்று பார், ஊசி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

கார்த்தி: நீடாமங்கலம் கேட்டில் நிற்க நேர்ந்தால் சித்தப்பாவுக்கு என்ன கவலை, உள்ளேயே அடுப்பு இருக்கிறது, சாம்பார் வைத்து இறக்கிவிடலாம்.

திருவாரூர் சித்தி: டீ போட்டோம் கார்த்தி, நிஜமாக. பக்கத்து பஸ்காரர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

மன்னார்குடி மாமா: விஷயத்துக்கு வருகிறேன். உன் வண்டி கார் இல்லை மாப்பிள்ளை. காருக்கு பானட் சரிவாக இருக்கும், பாதிக் கல் வழுக்கிக்கொண்டு மேலே போய்விடும். உன் வண்டி சுவர் மாதிரி நேராக நிற்கிறது, வருகிற கல் எல்லாம் நேருக்கு நேர்தான் அடிக்கும். அதற்காக முழு முகத்துக்கும் ஃபிலிம் ஒட்டச் சொல்ல மாட்டேன், அந்தக் காசுக்கு நான் இரண்டு தடவை பெயின்ட் அடித்துத் தருவேன். உன் படத்திலேயே பார், கண்ணாடிக்கு மேலே ஒரு பொட்டுகூட இல்லை. பம்பர், கண்ணாடிக்குக் கீழே உள்ள பகுதி, ஹெட்லைட், பக்கக் கண்ணாடியின் முதுகு, முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் ஓரம். இவ்வளவுதான் ஒட்ட வேண்டிய இடம். அந்தக் கடைசி இடத்தை எல்லாரும் மறந்துவிடுவார்கள், அங்கே அடிப்பது லாரி இல்லை, உன் சக்கரமே எடுத்து அடிக்கும் கல். அங்கே அகலமான மட் ஃப்ளாப் ஒன்று தொங்கவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

கார்த்தி: மாமா, திருச்சியில் ஒரு கடையில் கேட்டேன், பாதி விலைக்கு ஒட்டித் தருகிறேன் என்கிறார்கள்.

மன்னார்குடி மாமா: பாதி விலை என்றால் பெரும்பாலும் பிவிசியாக இருக்கும். கேட்டுப் பார், டிபியு, அதாவது நீ சொன்ன பாலியூரித்தேன் வகை, என்று பில்லில் எழுதித் தரச் சொல். பிவிசி நம் வெயிலுக்கு மஞ்சளாகி, அப்பளம் மாதிரி முறுகிவிடும், உரித்தால் துண்டு துண்டாக வரும், பசை பெயின்டிலேயே நிற்கும். அப்புறம் அதை எடுக்க என்னிடம்தான் வருவார்கள்.

திருவாரூர் சித்தப்பா: அப்படியானால் இந்த வாரமே ஒட்டிவிடலாமா அத்தான்?

மன்னார்குடி மாமா: அவசரப்படாதே. முதலில் பொட்டு அடைக்க வேண்டும், இல்லையென்றால் பொட்டு அப்படியே கண்ணாடிக்குள் வைத்த படம் மாதிரி ஃபிலிமுக்குள் தெரியும். துருவைச் சுரண்டி எடுத்து, தின்னரில் துடைத்து, பிரைமர் ஒரு சொட்டு, காய்ந்ததும் கலர் மெல்லிசாக இரண்டு மூன்று தடவை, பல்குச்சி முனையால் வைத்தாலே போதும், மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு. அப்புறம் 2000 நம்பர் வாட்டர் பேப்பரில் சமமாக்கி பஃப் போட்டால் நீயே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் பட்டறையில் அடிக்கும் பெயின்ட் கம்பெனியில் அடுப்பில் வெந்த பெயின்ட் இல்லை. உள்ளே இருக்கும் தின்னர் வாசம் வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும். அதற்குள் ஃபிலிம் ஒட்டினால் கொப்புளம் கட்டும், பிறகு என்றைக்காவது உரித்தால் பெயின்டும் கூடவே வரும்.

திருவாரூர் சித்தி: அண்ணே, முன்னால் ‘ஸ்ரீ தியாகராஜர் துணை’ ஸ்டிக்கர் இருக்கிறதே, அதன் மேலேயே ஒட்டலாமா? அதை எடுக்கக் கூடாது.

மன்னார்குடி மாமா: எடுக்க வேண்டாம் தங்கச்சி. மேலே ஒட்டினால் பிறகு ஃபிலிமை உரிக்கும்போது சாமி பெயரும் கிழிந்து வரும், அதற்கு அந்த இடத்தைச் சுற்றி வெட்டி விடச் சொல்லலாம். இன்னொன்று, ஆயுத பூஜைக்கு வாழைக்கன்றைக் கயிற்றில் இறுக்கி முகத்தில் கட்டுவதையும், சந்தனம் குங்குமத்தை நாள்கணக்கில் துடைக்காமல் விடுவதையும் நிறுத்துங்கள். கயிறு உராய்ந்த கோடும் வெயிலில் காய்ந்த குங்குமமும் லேசில் போகாது. பொட்டு வைக்கக் கண்ணாடி இருக்கிறது, அங்கே வையுங்கள்.

மன்னார்குடி அத்தை: அப்பாயி பக்கத்தில்தான் இருக்கிறார்கள், சொல்வதை நான் எழுதுகிறேன்: ‘லாரி பின்னாடி ஏன்டா முட்டிக்கிட்டுப் போறே?’

மன்னார்குடி மாமா: அப்பாயி கேட்டதுதான் சரியான கேள்வி. அறுபதில் போனால் முன்னால் போகும் லாரிக்கும் உனக்கும் குறைந்தது மூன்று விநாடி இடைவெளி, அதாவது 50 மீட்டர். தார்ப்பாய் இல்லாத டிப்பர் என்றால் அதுவும் போதாது, ஓரம் கட்டிவிடு. அறுபதுக்குப் பதில் எண்பதில் போனால் அதே கல் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு வேகமான அடியைக் கொடுக்கும்.

கார்த்தி: அடியின் ஆற்றல் என்று சொல்லுங்கள் மாமா, வேகம் இல்லை 😀

மன்னார்குடி மாமா: சரிடா வாத்தியார், ஆற்றல்.
அறுவடை நேரம் வேறு மாப்பிள்ளை. நெல் காய வைக்கிறவர்கள் ஓரத்தில் செங்கல்லும் கருங்கல்லும் அடுக்கிவிட்டு, நெல்லை மட்டும் அள்ளிக்கொண்டு போவார்கள், அது அங்கேயே கிடக்கும். அறுவடை மெஷின் சங்கிலியிலிருந்து விழுந்த களிமண் கட்டியும் காய்ந்தால் கல்தான். இருட்டிய பிறகு ஓட்டாதே. ஐப்பசியில் விளக்கு வெளிச்சத்துக்குப் பச்சைப்பூச்சி வந்து அப்புமே, அதையும் மறுநாள் காலைக்குள் ஈரத்துணி போட்டு ஊற வைத்துத் துடைத்துவிட வேண்டும், காய்ந்ததைச் சுரண்டக் கூடாது.

திருவாரூர் சித்தப்பா: கண்ணாடியிலும் ஒரு சின்ன நட்சத்திரம் விழுந்திருக்கிறது அத்தான், டிரைவர் பக்கம் கீழே. சொல்ல மறந்துவிட்டேன்.

மன்னார்குடி மாமா: இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அதன் மேல் ஒரு டேப் ஒட்டி வை, தூசி போகக் கூடாது. வெயிலில் நிறுத்திவிட்டு ஏறினதும் ஏசியை முழுசாக வைக்காதே, விரிசல் ஓடிவிடும். ரெசின் ஊற்றி அடைக்கும் பையன் சனிக்கிழமை காலையில் பட்டறைக்கு வருகிறான், வண்டியை அன்றைக்கே கொண்டு வா, துருவையும் அப்படியே பார்த்துவிடுகிறேன். ஃபிலிம் மாசிக் கடைசியில்.

மன்னார்குடி அத்தை: சனிக்கிழமை 9 முதல் 10.30 ராகு காலம் தம்பி. எட்டு மணிக்கெல்லாம் இங்கே இருக்கிற மாதிரி கிளம்பு, டிபன் இங்கேதான்.

திருவாரூர் சித்தப்பா: சரி அக்கா. கூத்தாநல்லூர் வழி ரோடு எப்படி இருக்கிறது, யாராவது போனீர்களா?

கார்த்தி: நேற்றுப் போனேன். ஒட்டுப் போடுகிறார்கள், ஜல்லி கொட்டிக் கிடக்கிறது.