காலர்ட் கீரையின் கசப்பு போகவில்லை, உதவுங்கள்

வணக்கம். மூன்று வாரங்களாகக் காலர்ட் (collard) கீரையோடு, அதாவது முட்டைக்கோஸ் குடும்பத்துப் பெரிய இலைக் கீரையோடு, போராடுகிறேன். ஒன்று, இலை தோல்போல் விறைத்து நிற்கிறது. இல்லையென்றால் குழைந்து கூழாகிவிடுகிறது. எப்படியானாலும் விழுங்கிய பிறகு தொண்டையில் கசப்பு தங்குகிறது.

வீட்டுத் தோட்டத்துச் செடி. முற்றிய இலைகள், ஓர் அடி நீளம், நடுநரம்பு சுண்டுவிரல் தடிமன். பறித்த அன்றே கேஸ் அடுப்பில், அடிகனமான பாத்திரத்தில் சமைக்கிறேன்.

முதலில் நரம்போடு நறுக்கிப் பூண்டு போட்டு 10 நிமிடம் வதக்கினேன்; மெல்லவே முடியவில்லை. அடுத்து நரம்பை நீக்கி, மூடி வைத்து 45 நிமிடம் வேகவைத்தேன். மென்மையானது, ஆனால் வீடு முழுக்கக் கந்தக வாடை (முட்டைக்கோஸ் குடும்பம் அல்லவா). ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டதும் பச்சை பளிச்சென்று வந்தது, இலையோ கரைந்துபோனது. எலுமிச்சைச் சாற்றைத் தொடக்கத்திலேயே ஊற்றியது என் தவறு: புளிப்பு இலையைச் சீக்கிரம் வேகவிடாது, நிறத்தையும் மங்கச் செய்துவிடும்.

நேற்று இலைகளை அடுக்கிச் சுருட்டி நூல்போல் நறுக்கினேன். கொதிக்கும் நீரில் 3 நிமிடம் போட்டு, வடித்து, எண்ணெயில் புரட்டினேன். பச்சை மாறவில்லை, ஓரங்கள் பட்டுப்போல் இருந்தன. இதுவரை செய்ததில் இதுதான் தேறியது. ஆனாலும் கசப்பு பாதிதான் குறைந்தது, அம்மாவால் மெல்ல முடியவில்லை. அவருக்குக் கீரை என்றால் உயிர். பல்லில் வலு இல்லை.

முற்றிய காலர்ட் இலை நிறம் கெடாமல் மென்மையாகி, கசப்பும் நீங்க, கொதிநீரில் எத்தனை நிமிடம் வைக்கிறீர்கள்?